ஊசி நகரும் நடுவூசிச் சக்கரமும்

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர் இலண்டன் மாநகரைக் காண்பர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் என்னும் கல்வித் தலங்களைக் காண்பர். சேக்ஸ்பியர் பிறந்த ஸ்திராட்போர்டுக்கும் ஒருமுறை சென்று வருவர். அவ்வூரிலிருந்து ஏறக்குறைய 15 மைல் தொலைவிலுள்ள றெடிச் என்னும் ஊரைத் தேடிச் செல்பவர் மிகச் சிலரே. பேர்மிங்காம் நகரிலிருந்து தெற்கே வரும் புகையிரதப் பாதை இவ்வூரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பாற் செல்ல வேண்டிய தேவை பிரயாணிகளுக்கு இல்லைப் போலும்.

ஆயினும், நம் வீடுகளுக்கும் அவ்வூருக்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் உலகில் விற்கப்பட்ட தையல் ஊசிகளுட் பெரும்பகுதி றெடிச்சிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலுமே செய்யப்பட்டது. நூற்றுக்கு 90 பங்கு என்று அவ்வூரார் பெருமையுடன் கணக்குக் கூறுவர். நம் பாட்டியர் துருப்பிடியாமற் பஞ்சிற் செருகிப் பாதுகாத்த ஊசி இவ்வூர்ப் பட்டறையொன்றிலிருந்து கப்பலேறி வந்ததாக இருக்கலாம்.

ஊசி செய்த ஊர் ஊசியோடு நிற்கவில்லை. ஊசியைச் செய்த கைகள் தூண்டில் முள்ளைச் செய்தன. முள்ளுக்குப் பின் தூண்டிற் சக்கரம் வந்தது. 'றீல்' என்று நாம் சொல்லும் அச்சக்கரங்களுள் மிக எளியதும், கையாள்வதற்கு மிக அரியதுமான ஒன்றைப் பற்றியே இங்குக் கூற விரும்புகின்றேன். ஆங்கிலேயர் அதனைச் 'சென்ரர்பின்' என்பர். நடுவே நிற்கும் ஓர் உருக்கு ஊசியின்மீது சுழல்வதால், 'நடுவூசிச் சக்கரம்' என்று தமிழில் அழைப்பது பொருந்தும்.

ஊசியிற் பிறந்த தொழில்

என் தமக்கையாரின் குடும்பம் றெடிச்சில் வாழ்கிறது. சென்ற ஆவணி விடுமுறையில் அங்குத் தங்கியிருந்தபோது, முதலில் நான் கண்டது ஃபோர்ஜ் மில் என்னும் பழைய ஊசி ஆலை. அரோ என்னும் சிற்றாற்றின் அருகே, சிதைந்து கிடக்கும் பழைய துறவி மடமொன்றின் பக்கத்தில், செங்கற் கட்டடமாக அது நிற்கிறது. 1958 வரை இயங்கிய அவ்வாலை, 1983இல் நூதனசாலையாகத் திறந்து வைக்கப்பட்டது. நீர்ச் சக்கரம் இன்றும் அங்கே உண்டு.

ஆயிரக் கணக்கான ஊசிகளைச் சவர்க்காரமும் உராய்பொடியும் கலந்து துணியிற் சுற்றிக் கட்டுவர். அம்மூட்டைகளை நீர்ச் சக்கரத்தின் வலிமையால் நாட்கணக்கில் முன்னும் பின்னும் உருட்டுவர். வேறெவ்விதத்திலும் பெறமுடியாத பளபளப்பு அப்போது ஊசிக்கு வந்துவிடும். ஆனால் அப்பளபளப்புக்குப் பின்னே ஒரு துயரக் கதையும் உண்டு. ஊசிக்குக் கூர் தீட்டிய தொழிலாளர், சாணைக் கல்லின் தூசியையும் உருக்குத் தூசியையும் நாள்தோறும் சுவாசித்து, நெஞ்சுநோய் கண்டு, இளமையிலேயே மாண்டனர். நல்ல கூலி கிடைத்ததால், ஆபத்தை அறிந்தும் அத்தொழிலுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு சிறிய ஊசியின் நுனியில் இத்தனை உயிர்கள் தேய்ந்தன என்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

உருக்குக் கம்பியை வெட்டவும், கூராக்கவும், சூடேற்றிப் பதப்படுத்தவும் தெரிந்த ஊருக்குத் தூண்டில் முள் செய்வது கடினமன்று. நம் மீனவர் நைலோன் நூலைத் 'தங்கூசி' என்கின்றனர். ஊசிக்கும் தூண்டிலுக்கும் நம் மொழியிலும் ஓர் உறவு இருப்பதை அங்கே நின்று எண்ணிக்கொண்டேன். இவ்வாறு வளர்ந்த நிறுவனங்களுட் பெரியது ஓல்கொக் என்பது. உலகிலேயே மிகப் பெரிய தூண்டிற் கருவித் தொழிற்சாலை தங்களுடையதே என்று அவர்கள் விளம்பரம் செய்து வந்தனர்.

சக்கரத்தின் கதை

தூண்டிற் சக்கரம் ஐரோப்பியரின் கண்டுபிடிப்பன்று. சீன ஓவியர் மா யுவான், ஏறக்குறைய 1195ஆம் ஆண்டில், குளிர்கால ஆற்றிலே தனியே படகிலிருந்து மீன் பிடிக்கும் ஒருவரைத் தீட்டினார். அம்மனிதரின் தூண்டிற் தடியில் ஒரு சிறு சக்கரம் தெளிவாகக் காணப்படுகிறது. இங்கிலாந்திலோ 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அதைப் பற்றிய குறிப்புகள் நூல்களில் வருகின்றன.

இங்கிலாந்தில் இச்சக்கரம் சிறப்புப் பெற்றது நொட்டிங்காம் நகரில். கிரிக்கெட் விளையாட்டின் வாயிலாக 'ட்ரென்ற் பிறிட்ஜ்' என்னும் பெயரை நம் இளைஞர் நன்கறிவர். அப்பாலத்தின்கீழ் ஓடும் ட்ரென்ற் ஆறு அகன்றது, சீராக ஓடுவது. அதன் மீனவர்கள், மிதப்பை நீரோட்டத்தோடு வெகுதூரம் போகவிட்டு மீன் பிடிக்கும் முறையைக் கைக்கொண்டார்கள். அதற்குத் தடையின்றிச் சுழலும் சக்கரம் வேண்டியிருந்தது. ஆகவே மரத்தைக் கடைந்து அகன்ற சக்கரங்களைச் செய்தனர். நீரில் நனைந்தால் மரம் நெளியும், சக்கரம் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கப் பின்புறத்திற் பித்தளைப் பட்டையைக் குறுக்கே பதித்தனர்.

அந்நகரைச் சேர்ந்த ஹென்றி கொக்ஸன் என்பவர் மரத்தின் பாரத்தையே குறைக்க வழி கண்டார். துவிச்சக்கர வண்டியின் சில்லில் மெல்லிய கம்பிகள் இறுகி நின்று விளிம்பைத் தாங்குவதை நாம் அறிவோம். அதே முறையிற் கம்பிகளால் தாங்கப்படும் உருளையொன்றை அவர் அமைத்தார். 1896இல் றெடிச்சின் ஓல்கொக் நிறுவனம் அதனை 'ஏரியல்' என்னும் பெயரில் வெளியிட்டது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், பல வடிவங்களிலும் அளவுகளிலும், அப்பெயர் நிலைத்து நின்றது.

இதற்குப் போட்டியும் விரைவிலேயே தோன்றிவிட்டது. பிராட்போர்ட் நகரத்து ஆலை முதலாளி இல்லிங்வேர்த், 1905இல், உருளை அசையாது நிற்க நூல் மட்டும் கழன்று செல்லும் சக்கரத்துக்கு உரிமை பெற்றார். கற்பதற்கு எளிதான அம்முறையே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஓல்கொக் நிறுவனம் 1960களில் அமெரிக்க நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. 1964இல் றெடிச் 'புதிய நகர'மாகப் பிரகடனம் செய்யப்பட, பழைய பட்டறைகளின் இடத்தைப் புதிய வீதிகளும் வீடுகளும் பிடித்துக்கொண்டன.

ஆற்றங்கரையில்

"தம்பி, ஊசி ஆலையைப் பார்த்தாய், சக்கரத்தைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்," என்றார் அத்தான். அப்பெரியவர் எண்பது வயதை அடைந்தவர். பதினைந்து வயதிலே பட்டறையிற் பயிலுநராகச் சேர்ந்தவர். அவருடைய தந்தையாரும் அதே பட்டறையில் உழைத்தவர். தந்தையார் பணம் சேர்த்து வாங்கிய ஏரியல் சக்கரம் ஒன்று இன்றும் அவரிடம் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை அவர் என்னைச் செவேர்ன் ஆற்றங்கரையிலுள்ள பியூட்லி என்னும் அழகிய ஊருக்கு அழைத்துச் சென்றார். அவருடைய பதினான்கு வயதுப் பேரனும் உடன் வந்தான். பிரித்தானியாவின் மிக நீண்ட ஆறு செவேர்ன். பியூட்லியில் அதனைக் கடக்கும் கற்பாலத்தை 1798இல் தோமஸ் ரெல்வேர்ட் என்னும் புகழ்பெற்ற பொறியியலாளர் கட்டினார். நம் கெண்டையின் இனத்தைச் சேர்ந்த 'பாபெல்' என்னும் வலிய மீன் 1956இல் இவ்வாற்றில் விடப்பட்டுப் பெருகியிருக்கிறது. அங்கே நினைத்தபோதெல்லாம் தூண்டில் போட முடியாது. ஆற்று மீன்கள் இனம்பெருக்கும் காலமாகிய மார்ச் 15 முதல் யூன் 15 வரை தடை உண்டு. மற்றைய நாட்களிலும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

பெரியவர் சக்கரத்தை என் கையில் வைத்தார். குறுக்களவு நாலங்குலத்துக்குச் சற்று மேல். பாரமோ மிகக் குறைவு. கைப்பிடியின்மீது ஊதச் சொன்னார். ஊதினேன். உருளை மெல்ல அசைந்து சுழலத் தொடங்கியது. விரலால் ஒருமுறை தட்டிவிட்டார். ஒரு நிமிடத்துக்கு மேலாக ஓசையின்றிச் சுழன்றுகொண்டே இருந்தது. பௌதிக வகுப்பிலே சடத்துவம், உராய்வு என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டும் இரண்டும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிக் கிடந்தன. பாரம் குறைந்தால் உருளை இலகுவாகப் புறப்படும். உராய்வு குறைந்தால் இலகுவில் நில்லாது. கொக்ஸன் கண்ட கம்பிகளின் பயன் இதுவே.

இதிலே பல்லிணைப்பு எதுவும் இல்லை. கைப்பிடி ஒரு சுற்று, உருளையும் ஒரு சுற்று. நூல் ஏறக்குறைய ஓர் அடி உள்ளே வரும். தடுக்கும் கருவியும் இல்லை. எடுத்துச் செல்லும்போது உருளை சுழலாதிருக்க ஒரு சிறு பற்சக்கரமும் நாக்கும் உண்டு. அவை 'கிறீக் கிறீக்' என்று ஒலிக்கும். மீன் இழுக்கும்போது அதனை அடக்குவது மனிதனின் பெருவிரல் ஒன்றே. விளிம்பின்மீது அவ்விரலை மெல்ல வைத்தால் நூல் தயங்கிச் செல்லும், அழுத்தினால் நிற்கும், அளவுக்கு மேல் அழுத்தினால் அறும்.

பெரியவர் மிதப்பை ஆற்றில் இட்டார். நீரோட்டம் அதனை இழுக்க, உருளை தானே சுழன்று, ஓட்டத்தின் வேகத்துக்கு ஏற்ப நூலைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இடையிடையே விரலால் ஒரு கணம் தடுத்தார். அப்போது அடியிலுள்ள இரை மிதப்புக்கு முன்னே சென்று, சற்று மேலெழுந்து, மீண்டும் தாழ்ந்தது. இரை தானாக நீரில் வருகிறது என்று மீன் நம்புவது அந்த ஒரு கணத்திலேதான்.

தூரத்தில் எறிவது இன்னும் கடினம். இடக்கை விரல்களால் வளையங்களுக்கிடையே நூலைக் கண்ணிகளாக இழுத்து வைத்துக்கொண்டு, தடியை வீசும்போது ஒவ்வொன்றாக விடுவது ஒரு முறை. வாலிஸ் என்னும் புகழ்பெற்ற மீனவரின் பெயரால் வழங்கும் முறையிலோ, வீசும் அதே கணத்தில் நூலை இழுத்து உருளையையே சுழலவிட வேண்டும். மிதப்பு போகும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றால், நூல் குருவிக் கூடாகச் சிக்கிவிடும். பேரனுக்கு அன்று மூன்று முறை சிக்கியது. பெரியவர் ஒன்றும் சொல்லாமற் பக்கத்தில் அமர்ந்திருந்தார். சிக்கை எடுத்தவன் அவனே.

நண்பகலுக்குச் சற்று முன் பேரனுக்கு ஒரு மீன் அகப்பட்டது. ஈர வலையில் ஏந்தி, முள்ளைக் கழற்றி, நீரோட்டத்தை நோக்கி அதனைப் பிடித்திருந்து, அது தானாக நீந்திச் செல்லும்வரை காத்திருந்தார்கள். அந்நாட்டில் இவ்வகை மீன்களைத் திரும்ப விடுவதே வழக்கம். உயிர்க்கொலையை விரும்பாத சைவக் குடும்பத்திற் பிறந்த எனக்கு இது ஓரளவு ஆறுதலாக இருந்தது. மீனுக்குத் துன்பமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரியவரும் அப்படிச் சொல்லவில்லை. "துன்பத்தைக் குறைப்பது நம் கையில்," என்று மட்டும் கூறினார்.

பேணும் முறை

மாலையிலே அவர் வீட்டுச் சமையலறை மேசையிற் பத்திரிகைத் தாளை விரித்துச் சக்கரத்தைக் கழற்றினார். அவர் செய்தவற்றையும் சொன்னவற்றையும் இங்கே தருகின்றேன். இவை தூண்டிற் சக்கரத்துக்கு மட்டுமன்றி, நம் வீட்டுத் தையல் இயந்திரத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் ஓரளவு பொருந்தும்.

முதலாவது, எண்ணெய் அதிகமாக இருக்கக் கூடாது. நடுவூசியைத் தூய பருத்தித் துணியால் துடைத்து, பழைய எண்ணெய் பிசினாகப் படிந்திருந்தால் மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் எடுத்துவிட்டு, தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெயில் ஒரே ஒரு துளி இட வேண்டும். தடித்த மசகு வண்டிச் சில்லுக்கு ஏற்றது. இச்சக்கரத்துக்கு அதுவே தடையாகிவிடும். பற்சக்கரத்துக்கும் நாக்குக்கும் மட்டும் சிறிதளவு மசகு இடலாம்.

இரண்டாவது, மணலே இதன் பெரும் பகைவன். ஆற்றங்கரையிற் சக்கரத்தை வெறுந்தரையில் வைக்கலாகாது. ஊசிக்கும் குழலுக்கும் இடையிலே மயிரிழை இடைவெளிதான் உண்டு. ஒரு மணற்பரல் உள்ளே சென்றால், ஒவ்வொரு சுற்றிலும் அது உருக்கைக் கீறும். கடற்கரையிற் பயன்படுத்தினால், அன்றே நன்னீரிற் கழுவி உலர்த்த வேண்டும். உப்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

மூன்றாவது, பளபளப்பாக்குவது பேணுவதாகாது. பித்தளை துலக்கும் பொடியும் பசையும் உராய்பொருள்களே. ஒவ்வொரு முறை துலக்கும்போதும் உலோகத்தில் ஒரு படை போகிறது. வெளிப்பூச்சு போனால் அழகு போகும். ஊசியைத் துலக்கினால் பொருத்தமே போய், உருளை ஆடத் தொடங்கும். பழைய கருமை சக்கரத்தின் வயது. அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்பது பெரியவரின் கொள்கை.

நான்காவது, நூலை அளவோடு சுற்ற வேண்டும். 100 யார் மெல்லிய நூல் ஆற்றுக்குத் தாராளமாகப் போதும். நைலோன் நூலை இழுத்து இறுக்கிச் சுற்றினால், நீண்ட நூல் சுருங்கும்போது, சுற்றுக்குச் சுற்று அதன் நெருக்கம் பெருகும். மெல்லிய கம்பிகளால் தாங்கப்பட்ட உருளை நெளிந்துவிடக் கூடும். பெரிய மீனோடு போராடிய நாளில், வீடு வந்ததும் நூல் முழுவதையும் கழற்றித் தளரச் சுற்ற வேண்டும்.

ஐந்தாவது, திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே எடுக்க வேண்டும். பொருந்தாத திருப்புளி ஒருமுறை வழுக்கினால், அக்காயம் என்றும் மாறாது. சில்லின் கம்பிகளைத் தேவையின்றி முறுக்கவே கூடாது.

இறுதியாக, ஈரச் சக்கரத்தைத் தோற் பெட்டிக்குள் மூடி வைக்கலாகாது. தோல் ஈரத்தைக் காத்து வைக்கும். பித்தளையிற் களிம்பு பிடிக்கும். இரவு முழுவதும் காற்றாட வைத்து, மறுநாள் துணிப் பையிலிட்டு வைப்பதே நல்லது. மரச் சக்கரமாயின் அடுப்புக்கோ வெயிலுக்கோ அருகில் உலர்த்தாமல், நிழலில் ஆற விட வேண்டும்.

கண்ணாடிப் பெட்டியா, ஆற்றங்கரையா?

பழைய ஏரியல் சக்கரங்களைச் சேகரிப்போர் இன்று பெருந்தொகை கொடுக்கின்றனர். பெரியவரின் மகன், சக்கரத்தை விற்றுப் பணத்தைப் பேரனின் மேற்படிப்புக்கு வைக்கலாம் என்கிறார். விற்க மனமில்லையானால், கண்ணாடிப் பெட்டியில் வைத்தாவது பாதுகாக்கலாம் என்கிறார். ஆற்றில் விழுந்தால் யாது செய்வது? கல்லிற் பட்டு உடைந்தால் மாற்றுக் கம்பி எங்கே? அவர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. மிகப் பழைய, அரிய மாதிரிகள் நூதனசாலையில் இருப்பதே முறை என்பதைப் பெரியவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் தம்முடையது அத்தகையதன்று, ஒரு தொழிலாளி தம் கைப்பட உபயோகித்த சக்கரம் என்பது அவர் வாதம்.

அவருக்கு இப்போது கைநடுக்கம் கண்டிருக்கிறது. விளிம்பின்மீது பெருவிரல் மெல்லத் தங்க மறுக்கிறது. முன்னொரு காலத்தில் அவர் தந்தையார் அவர் பெருவிரலின்மீது தம் பெருவிரலை வைத்து, எவ்வளவு அழுத்துவது என்று கற்பித்தாராம். அன்று செவேர்ன் கரையில் அவர் பேரனின் விரல்மீது தம் விரலை வைத்தார். நடுங்கும் விரல் நடுங்காத விரலுக்குப் பாடம் சொல்லிற்று.

"கண்ணாடிக்குள் வைத்தால் சக்கரம் இருக்கும், விரல் இருக்காது," என்றார் அவர்.

நான் ஊர் திரும்பும்வரை தந்தைக்கும் மகனுக்கும் இடையே இது தீர்ந்தபாடில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் பேரன் வந்துகொண்டிருந்தான்.

நடுவூசிச் சக்கரங்கள் அடியோடு மறைந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். இன்றும் புதியவை செய்யப்படுகின்றன. அவற்றுட் பல, பழையவற்றைவிட நுட்பமாகச் சுழல்கின்றன. ஒரு காலத்தில் ஆலைக் கழிவால் மாசடைந்திருந்த ட்ரென்ற் ஆறும் இப்போது தெளிந்து, அங்கே மீண்டும் பாபெல் மீன் பிடிக்கிறார்கள். கருவியைச் செய்யப் பட்டறை உண்டு. ஆற்றைத் திருத்தச் சட்டம் உண்டு. பெருவிரலின் அறிவை மட்டும் பட்டறையிலும் செய்ய முடியாது, சட்டத்தாலும் கொண்டுவர முடியாது. அது ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு, இருவரும் உயிரோடிருக்கும்போதே, போய்ச் சேர வேண்டும்.

நம் ஊரிலும் துலாவை அளவாக மிதிக்கத் தெரிந்தவர், கடகத்தின் விளிம்பைப் பிரியாமற் கட்டத் தெரிந்தவர், பட்டத்துக்கு விண் கட்டி அதனை ஒலிக்கச் செய்யத் தெரிந்தவர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களின் கருவிகளை நாம் நூதனசாலைகளிற் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், அது நல்லதே. அடுத்த விடுமுறையில் நம் பிள்ளைகளை அக்கருவிகளிடம் அழைத்துச் செல்லுமுன், அவற்றைக் கையாளத் தெரிந்த அம்மனிதரிடம் ஒருமுறை அழைத்துச் செல்வோமாக.